கோலிக்குண்டுக்கும் பிறந்த ஊர் உண்டு



தபால் தலை சேர்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர்களும் உண்டு. அவர்களை எல்லாம் "ரசனை உள்ளவர்கள்" என்று சொல்கிறோம். ஆனால் "நான் கோலிக்குண்டு சேர்க்கிறேன்" என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் மட்டும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது! "வயசு நாற்பது தாண்டியாச்சு, இன்னும் என்ன கோலி ஆட்டம்?" என்று என் நாத்தனார்கூடக் கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என்னிடம் இப்போது முந்நூற்றுச் சொச்சம் கோலிகள் இருக்கின்றன. பாதி கடலூரில், பிறந்த வீட்டுப் பக்கம் கிடைத்தவை. மீதி சிதம்பரத்தில், புகுந்த வீட்டுப் பக்கம் சேர்ந்தவை. எதற்கும் பெரிய விலை கொடுத்ததில்லை. பரணிலிருந்து இறங்கிய தகர டப்பாக்கள், பழைய தையல் மிஷின் டிராயர், உறவுக்காரர் வீட்டு மரப்பெட்டி இவைதான் என் கடைகள்! உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் வெளிச்சத்தில் கொட்டிப் பாருங்களேன். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இந்தத் தடவை சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

கோலி சேர்க்க முதலில் வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு கோலிக்கும் ஓர் எண் கொடுங்கள். யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த வீடு அல்லது கடை, எந்த வருஷ வாக்கில் விளையாடியது, என்ன நிறம், என்ன அளவு என்று நாலைந்து வரி எழுதி வையுங்கள்.

அளவு எடுப்பது எப்படி என்கிறீர்களா? உருண்டையை ஸ்கேலில் வைத்தால் ஓடிவிடும். இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே கோலியை நெருக்கி வைத்து, பெட்டிகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். சாதாரணக் கோலி 16 மில்லி மீட்டர் அளவில் இருக்கும். அடிக்கிற பெரிய கோலி 25 வரை போகும்.

எழுதி வைப்பதன் அருமை எனக்குத் தெரிந்தது தானே புயலின்போதுதான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைப் புரட்டிப் போட்டதே, அந்தப் புயல். என் பிறந்த வீட்டில் ஓடு பறந்து, அலமாரி முழுக்க நனைந்துவிட்டது. கல்யாணப் போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வராமல் போயின. கடுதாசிகள் கூழாகிவிட்டன. மாமாக்களின் கோலி டப்பா மட்டும், கழுவி வைத்தது போலப் பளபளவென்று இருந்தது! கண்ணாடிக்கு ஈரம் என்ன செய்யும்? ஆனால் எது எந்த மாமாவுடையது, எது திருவிழாவில் வாங்கியது, எது பந்தயத்தில் ஜெயித்தது என்பதை அம்மா ஒருத்திதான் சொல்ல முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையும் எழுதிக் கொண்டேன். அன்றிலிருந்து இது ஒரு விதியாகவே ஆகிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்காத கோலி வெறும் கண்ணாடி. எழுதி வைத்தால்தான் அது சேகரிப்பு.

நகத்தால் தடவிப் பாருங்கள்

கோலி கையால் செய்ததா, மிஷினில் செய்ததா என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். விரல் நகம் போதும்.

ஜெர்மனியில் துரிங்கியா பகுதியில் லவுஷா என்று ஒரு கண்ணாடித் தொழில் ஊர் இருக்கிறது. 1840-களில் அங்கே கோலி வெட்டுவதற்கென்றே ஒரு கத்தரி கண்டுபிடித்தார்கள். கத்தரியின் ஒரு முனையில் சின்னக் கிண்ணம் போல இருக்கும். நம் ஊர் ஜவ்வு மிட்டாய்க்காரர் வெள்ளையும் ரோஸுமாக இழுத்து முறுக்குவாரே, அதே போல, பல நிறக் கண்ணாடி இழைகளைச் சேர்த்துச் சூட்டோடு நீளமாக இழுத்து முறுக்குவார்கள். அந்தக் கம்பியின் நுனியைக் கிண்ணத்தில் வைத்து உருட்டி, வெட்டிவிடுவார்கள். ஆகவே அந்தக் கோலியின் இரு முனைகளிலும் வெட்டுத் தழும்பு இருக்கும். வழவழப்பாகத் தேய்த்திருந்தாலும் நகம் அந்த இடத்தில் லேசாகத் தட்டும். உள்ளே இருக்கும் வண்ணக் கோடுகளும் ஒரு தழும்பிலிருந்து மற்றதுக்கு முறுக்கிக் கொண்டு ஓடும். சிலவற்றில் நடுவே வலை பின்னினாற்போல வெள்ளை இழை இருக்கும். வேறு சிலவற்றில் வெள்ளை நிறத்தில் குட்டி மிருக பொம்மை ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும்!

அப்புறம் மிஷின் வந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் அக்ரன் என்ற ஊரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர் கோலி உருட்டும் இயந்திரத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். கோகுலாஷ்டமிக்கு உள்ளங்கைகளுக்கு நடுவே சீடை உருட்டுகிறோமே, அதே தத்துவம்தான். சூடான கண்ணாடித் துண்டு பள்ளம் வெட்டிய உருளைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி உருண்டையாகிவிடும். அதில் வெட்டுத் தழும்புக்கு வேலையே இல்லை. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டு ஜெர்மன் கோலி வரத்து தடைப்படவும், அமெரிக்க மிஷின் கோலி சந்தையைப் பிடித்துக் கொண்டது.

தெளிந்த கண்ணாடிக்குள் பூனைக் கண் போல வண்ண இலை ஒன்று நிற்கிறதே, நம் தெருவில் நாம் அதிகம் பார்த்த கோலி, அது இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஜப்பானில் செய்து உலகமெங்கும் அனுப்பினார்கள். 1950-களில் அதற்கு ஏக கிராக்கி. பிறகு மற்ற நாடுகளும் அதே மாதிரி செய்ய ஆரம்பித்தன.

இந்தச் சின்ன விஷயம் தெரிந்திருந்ததால் என் பணம் ஒரு தடவை தப்பியது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர் பார்க்கப் போயிருந்தோம். கீழ வீதியில் தரையில் துணி விரித்து ஒருவர் பழம்பொருள் வைத்திருந்தார். அதில் ஒரு கிண்ணம் நிறையக் கோலி.

"நூறு வருஷத்துக் கோலிம்மா. வெள்ளைக்காரங்க பசங்க வெளையாடினது. ஒண்ணு ஐந்நூறு ரூபா, உங்களுக்காக முந்நூறு" என்றார்.

என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) என் காதருகே, "ஏம்மா, வாங்கப் போறியா?" என்றார். நான் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தேன். உள்ளே நீல நிறப் பூனைக் கண். நகத்தால் ஒரு சுற்றுத் தடவினேன். எங்கும் தட்டவில்லை. "இல்லை அத்தை. இது அப்பா காலத்துக் கோலி, அதுகூடப் பழசாயிருந்தால்தான். வெள்ளைக்காரன் காலத்துக்கு எட்டாது" என்றேன். கடைக்காரர் சிரித்துக் கொண்டே கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

இன்னும் இரண்டு விஷயம். உள்ளே குமிழி இருந்தாலே பழைய கோலி என்று சிலர் சொல்வார்கள். புதுக் கோலியிலும் குமிழி இருக்கும், அதை நம்பாதீர்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சின் கீழே பச்சையாக ஒளிர்ந்தால், கண்ணாடியில் யுரேனியம் கலந்திருக்கலாம். அதுவும் வயசுக்குச் சாட்சி ஆகாது. யுரேனியக் கண்ணாடி பின்னாளிலும் செய்திருக்கிறார்கள். தழும்பு, உள்வேலை, வந்த வழி மூன்றும் ஒத்துப் போனால்தான் முடிவு சொல்லலாம்.

அரிய கைவேலைக் கோலிகள் வெளிநாட்டு ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனதுண்டு. அதைக் கேட்டுவிட்டு ஆகாசக் கோட்டை கட்ட வேண்டாம். நம் வீட்டு டப்பாவில் இருப்பது அநேகமாக மிஷின் கோலிதான், சில ரூபாய்தான் பெறும். நாம் சேர்ப்பது அதற்காக இல்லையே!

சோடாக் கோலியை உடைக்காதீர்கள்

நிறமே இல்லாத, இலேசாகப் பச்சை பாய்ந்த கோலி உங்கள் டப்பாவில் இருக்கிறதா? அது அநேகமாக சோடா பாட்டிலிலிருந்து வந்தது. மணலில் இருக்கும் இரும்புச் சத்துதான் அந்தப் பச்சைக்குக் காரணம்.

கோலி சோடா நம் ஊர்ச் சரக்கு என்றுதான் நினைக்கிறோம். அந்த பாட்டிலுக்கும் பிறந்த ஊர் வேறு. இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் 1872-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. பாட்டில் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து சோடாவும் வாயுவும் ஏற்றுவார்கள். கோலி கழுத்துக்கு உருண்டு வரும். உள்ளே இருக்கும் வாயு அதை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக் கொள்ளும். கட்டை விரலால் அமுக்கினால் 'டப்'பென்று உள்ளே விழும். தக்கை வேண்டாம், மூடி வேண்டாம். எத்தனை எளிய யோசனை! ஜப்பானில் 'ராமுனே' என்ற பானத்தை இன்றும் இதே மாதிரி பாட்டிலில்தான் விற்கிறார்கள். நம் கோலி சோடாவும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது என்று 2025 மார்ச்சில் மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவித்தது.

என் நோட்டில் 41-ஆம் எண் இப்படி ஒரு பச்சைக் கோலிதான். தெருவில் கிடந்தால் குனிந்து எடுக்க மாட்டீர்கள். கடலூர் முதுநகரில் (ஓ.டி. என்றால்தான் எங்கள் ஊரில் தெரியும்) சோடாக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், கடையை மூடுகிற சமயத்தில் கொடுத்தது. "ஒடைஞ்ச பாட்டில்லேருந்து எடுத்ததும்மா. சித்திரை வெயில்ல சில நேரம் பாட்டிலே வெடிச்சிடும். அதான் சாக்கு மூடித்தான் வெச்சிருப்போம்" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை கிரேட் போகும், எந்தெந்தத் திருவிழாவுக்குக் கூடுதலாகப் போடுவார், பன்னீர் சோடாவுக்கு எப்போது மவுசு வந்தது எல்லாம் சொன்னார். அன்று சாயங்காலமே எழுதி வைத்தேன். அடுத்த வருஷம் அவர் காலமாகிவிட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. அந்த சோடாக் கடையைப் பற்றி எழுத்தில் இருப்பது என் நோட்டின் ஒன்றரைப் பக்கம்தான்.

ஒரு வார்த்தை. கோலிக்காக முழு பாட்டிலை உடைக்காதீர்கள். கையைக் கிழிக்கும். முழு பாட்டிலாக இருந்தால்தான் அதற்கு மதிப்பும்.

மண்ணில் கிடக்கும் மணி நம்முடையது அல்ல

கண்ணாடி உருண்டை என்பது நம் கடற்கரைக்கு ஜெர்மனிக்காரர் சொல்லித் தந்த வித்தை இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் அரிக்கமேடு இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே கண்ணாடி மணிகள் செய்தார்கள். கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்கினால் மணி. இந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. அதனால் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாதையில், சிப்காட் பக்கம் உள்ள காரைக்காடு - குடிகாடு பகுதியிலும் அதே காலத்துத் தடயங்கள் அகழாய்வில் கிடைத்தன. பஸ்ஸில் எத்தனை தடவை கடந்து போயிருப்போம்!

அரிக்கமேடு வெளிச்சத்துக்கு வந்த கதையில் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. 1937 வாக்கில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்தவற்றைக் காசு கொடுத்து வாங்கினார். அவருக்குக் கிடைத்தவற்றில் ஒன்று ரோமானிய முகம் செதுக்கிய கல். பிறகு 1945-இல் மார்டிமர் வீலர் முறைப்படி அகழாய்வு செய்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடியும் ஆய்வு நடந்தது.

மழை பெய்தால் இம்மாதிரி இடங்களில் மணிகள் மேலே தெரியும். பிள்ளைகள் பொறுக்குவார்கள். "நம் ஊர் மண்தானே" என்று நமக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம் சகோதரி! மணி எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைச் சொல்கிறார்கள். நான் நோட்டில் எழுதுகிற அந்த நாலு வரி, அங்கே மண்ணிலேயே எழுதியிருக்கிறது. எடுத்துப் பைக்குள் போட்டோமோ, அந்த நாலு வரி அழிந்தது. அரிக்கமேடு மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. உங்கள் வயலிலோ மனையிலோ ஏதாவது தட்டுப்பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். பார்க்க ஆசை என்றால் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களை வைத்திருக்கிறார்கள். லீவு நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

துலக்குவதும் வைப்பதும்

பழைய கோலியைப் பார்த்ததும் புளி, சாம்பல், தேங்காய் நார் என்று தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள். அது பித்தளைச் சொம்பு இல்லை! கீறல் விழுந்தால் போகாது. ஒரு பேசினில் மெத்தென்ற துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, ஒவ்வொன்றாக விரலால் கழுவுங்கள். கொதிநீர் கூடவே கூடாது, கண்ணாடி விரிந்துவிடும். வாணலியில் கோலியை வறுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் உள்ளே வைரம் போல விரிசல் விழும் என்று பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள். தெறித்தால் கண் போய்விடும். கண்டிப்பாக அனுமதிக்காதீர்கள்.

டப்பாவில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்றோடொன்று மோதிப் பிறை போலச் சில்லு பெயரும். வீட்டில் சும்மா கிடக்கும் பல்லாங்குழிப் பலகையை எடுங்கள். பதினாலு குழியிலும் பழைய வேட்டித் துணியோ பஞ்சோ வைத்தால் பதினாலு கோலிக்கு இதைவிட அழகான இருப்பிடம் கிடையாது. மற்றவற்றுக்கு அஞ்சறைப் பெட்டி, முட்டை அட்டை எதுவும் ஆகும். எண்ணைக் கோலியின் மேல் ஒட்டாமல், சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியைத் தயவு செய்து இரண்டு தடவை படியுங்கள். மூன்று வயசுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் கோலி பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும். உருண்டையும் வழவழப்புமாக இருப்பதால் தொண்டையில் அடைப்புப் போல உட்கார்ந்து மூச்சை நிறுத்திவிடும். அண்ணன் விளையாடிவிட்டு வந்தால் எண்ணி வாங்கி வையுங்கள்.

தொண்டையில் மாட்டிய குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால் ஒருவர் உடனே 108-க்குப் போன் செய்யட்டும். ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தடவை தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவே 5 தடவை அழுத்துங்கள். ஒரு வயசு தாண்டிய குழந்தைக்கு முன்னால் குனியவைத்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 அழுத்து. வெளியே வரும் வரை, அல்லது உதவி வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸம்மாவிடம் இதை ஒரு தடவை நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள். குழந்தை விழுங்கிவிட்டாலோ மூக்கில் போட்டுக் கொண்டாலோ கைவைத்தியம் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்?

பேந்தா ஆடி முட்டி தேய்ந்த தலைமுறை இப்போது எழுபது, எண்பது வயசில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. மாமனார், சித்தப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா யாராக இருந்தாலும் சரி. கையில் ஒரு கோலியைக் கொடுத்து, "நீங்க எங்க வெளையாடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தெருப் பெயர், குளத்தங்கரை, தோற்றவனுக்குக் கொடுத்த தண்டனை, யாழ்ப்பாணத்துச் சொந்தம் இருந்தால் அங்கே கோலியைப் 'போளை' என்பார்கள் என்பது வரை கொட்டுவார்கள். பாட்டிமார்களையும் விடாதீர்கள். தம்பியின் கோலியைத் திருடி ஆடாத அக்கா உண்டா?

நாற்பது பக்க நோட்டு வீட்டில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கோலி இன்னும் நூறு வருஷம் அப்படியே கிடக்கும். சொல்லக்கூடியவர்கள் அத்தனை நாள் இருக்க மாட்டார்கள். ஆகவே, முதலில் அவர்களிடம் கேளுங்கள்.